சிகிரியாவில் எனக்குத் தோடி கேட்கிறதே, அது ஏன்?

11 பிப்ரவரி 2024, இரவு

ஹெரெஸ் ஊர்க்காரரான மனுவேல் அகுஹேதாஸ் பாடிய சிகிரியா ஒன்றை நேற்று மூன்று முறை கேட்டேன். சிகிரியா என்பது, ஸ்பெயினின் தென்பகுதியான ஆண்டலூசியாவில் பிறந்த ஃபிளமெங்கோ இசையில் மிகக் கனமான பாட்டு வகை. சாவு, சிறை, தாயைப் பறிகொடுத்த துயரம், இவைதான் பாடுபொருள். 'ஆய்' என்று அவர் எடுக்கும் முதல் இழுப்பிலேயே எனக்கு நம் தோடி ராகம் கேட்கிறது. சுத்த ரிஷபத்தில் தயங்கி நின்று ஷட்ஜத்துக்கு இறங்கும் இறக்கம் அப்படியே இருக்கிறது. இந்த இசையை வளர்த்த ஹித்தானோக்கள், அதாவது ஸ்பெயின் நாட்டு ரோமா மக்கள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அப்படியென்றால் இது இங்கிருந்து போன பாட்டுதானே? நான் அப்படித்தான் நம்புகிறேன். இல்லை என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

12 பிப்ரவரி

ஃபிளமெங்கோ நடனம்தானே, பாட்டை ஏன் பேசுகிறாய் என்று கேட்டவருக்கு: பாட்டுதான் முதல். கான்தே என்பார்கள். கிதாரும் ஆட்டமும் பாட்டுக்குத் துணையாக வந்து, பிறகு தனித்தனியாக வளர்ந்தவை. தோனா, மார்தினேத்தே போன்ற பழைய வகைகளுக்குக் கிதாரே கிடையாது. மார்தினேத்தே கொல்லன் உலைக்களத்துப் பாட்டு. மேடையில் பாடும்போதுகூடப் பக்கத்தில் பட்டறைக்கல்லை வைத்துச் சுத்தியலால் தட்டுவதுண்டு. அகுஹேதாஸும் இளமையில் தந்தையோடு பட்டறையில் இரும்படித்தவர்தான்.

14 பிப்ரவரி

முதல் திருத்தம். திருத்துவது நானே.

ஒன்பது வருடம் பாட்டு கற்றவள் நான். காது சொன்னதை ஸ்வரமாக எழுதிப் பார்க்காமல் பேசியது தவறு. இன்று உட்கார்ந்து எழுதினேன். சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். ஆம், ஏணி தோடியின் ஏணிதான். ஆனால் வரி முடிந்து கிதார் வந்து நிற்கும் இடத்தில் ஒலிப்பது அந்தர காந்தாரம்! அந்த முடிவை மட்டும் எடுத்துக்கொண்டால் அது வகுளாபரண ராகத்தின் பக்கம் போய்விடுகிறது. பாடகர் இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவே தன் விருப்பப்படி நடமாடுகிறார். இது பிழை அல்ல. அந்த நடமாட்டத்தில்தான் அவருடைய கண்ணீர் இருக்கிறது.

இன்னொன்று. தோடியின் உயிர் கமகத்தில் இருக்கிறது. ரிஷபத்தையும் காந்தாரத்தையும் அசைக்காமல் நேராகப் பாடினால் எந்த வித்வானும் அதைத் தோடி என்று ஒப்பமாட்டார். இங்கே குரல் அசைவதில்லை, உடைகிறது. ஒரே எழுத்தில் பத்துப் படி இறங்குகிறது, கடைசிப் படியில் மூச்சு தீர்ந்த பிறகும் இன்னொரு படி இறங்குகிறது. இதே ஏணி அரபு நாடுகளில் உண்டு, மத்தியதரைக் கடலைச் சுற்றி இன்னும் பல இடங்களில் உண்டு. ஏணி ஒன்றாக இருப்பதால் வீடு ஒன்றாகிவிடாது.

ஆனாலும் என் வாதத்தை இன்னும் கைவிடவில்லை.

18 பிப்ரவரி

தாளத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

கோம்பாஸ் என்பது அவர்கள் சொல். நம் தாளச் சுற்று போல. சொலேயா என்ற வகைக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை. அழுத்தம் விழும் இடங்களை அடைப்புக்குள் காட்டுகிறேன்:

1 2 (3) 4 5 (6) 7 (8) 9 (10) 11 (12)

மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. நமக்குச் சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், வந்து சேர்ந்தால்தான் நிம்மதி. அவர்களுக்குப் பத்தில் வந்து சேர்ந்தால் நிம்மதி. இசை பத்தில் வீடு சேர்கிறது, பதினொன்றும் பன்னிரண்டும் வாசல் திண்ணையில் கால் நீட்டி உட்காரும் நேரம். முதன்முதலில் கேட்பவர்கள் ஒன்று என்ற எண்ணிக்கையைத் தேடிக்கொண்டே இருப்பதால்தான் தடுமாறுகிறார்கள். ஒன்றைத் தேடாதீர்கள், பத்துக்குக் காத்திருங்கள்.

இப்போது சிகிரியா. அதை ஐந்து அடிகளாக எண்ணுவார்கள்: குறில், குறில், நெடில், நெடில், குறில். அதாவது 2, 2, 3, 3, 2. கூட்டினால் பன்னிரண்டு. சொலேயாவின் அதே சக்கரத்தை எட்டாவது எண்ணிக்கையிலிருந்து எடுத்துப் பாருங்கள்: எட்டிலிருந்து பத்துக்கு இரண்டு, பன்னிரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, ஆறுக்கு மூன்று, மறுபடி எட்டுக்கு இரண்டு. சக்கரம் ஒன்றேதான், எடுப்பு மட்டும் வேறு! இதைக் கண்டுபிடித்த நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. எடுப்பு மாறியதால் ஒன்று ஏக்கமாகவும் மற்றொன்று இழவாகவும் ஆகிவிடுகிறது.

18 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

புலேரியாவை விட்டுவிட்டேன். அதே பன்னிரண்டுதான், ஆனால் வேகம், கும்மாளம். ஹெரெஸின் சொந்தச் சொத்து. லா பாக்கேரா பாடியதைக் கேட்டால் போதும், விளக்கம் வேண்டாம்.

25 பிப்ரவரி

ஃபிளமெங்கோ கிதார்க் கலைஞர் பாக்கோ தெ லூசியா மறைந்து இன்றோடு பத்து ஆண்டுகள். 2014-ல் இதே நாள், மெக்சிகோவில்.

அவருடைய பெயரே எனக்கு ஒரு பாடம். இயற்பெயர் பிரான்சிஸ்கோ சாஞ்சஸ். அல்ஹெசிராஸ் துறைமுகத்து ஏழைத் தெருவில் பாக்கோ என்று பல பையன்கள். எந்தப் பாக்கோ? லூசியாம்மாவின் பாக்கோ. அம்மா போர்ச்சுகல் நாட்டுக்காரர். அந்தத் தெருப்பெயரை வைத்துக்கொண்டே உலகம் முழுவதும் வாசித்தார். மேல்நாட்டு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. தந்தை வீட்டில் உட்காரவைத்து மணிக்கணக்கில் பழக்கிய கை.

இவர் ஹித்தானோ அல்ல, பாயோ. அதாவது ரோமா இனத்தைச் சேராதவர். என் வாதத்தில் முதல் ஓட்டை இங்கே விழுகிறது என்பது எனக்குத் தெரிகிறது.

தமிழ்க் காதுகளுக்கு ஒரு பாலம் சொல்கிறேன். 1980 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பாக்கோவோடு உட்கார்ந்து வாசித்த இரண்டு கிதார்க்காரர்களில் ஒருவர் ஜான் மெக்லாஃப்லின். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் அவர் சக்தி குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு வாசித்துக்கொண்டிருந்தார். நம் கடத்தின் கணக்கைக் கேட்ட காதுதான் பாக்கோவின் பக்கத்தில் உட்கார்ந்தது. இந்தியாவுக்கும் ஃபிளமெங்கோவுக்கும் உறவு வேண்டுமென்றால், இது தேதி போட்டு நிரூபிக்கக்கூடிய உறவு.

3 மார்ச்

ஹித்தானோ பாடகர் கமரோனின் 1979 இசைத்தட்டில் சித்தார் கேட்கிறதே, அது ரத்தத்தில் ஊறிய இந்திய ஞாபகம் அல்லவா என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் பூரித்துப்போனேன். குதிரையைப் பற்றிய அந்தத் தாலாட்டு, பின்னால் சித்தார். கண்ணில் நீர் வந்தது.

உண்மை வேறு. அந்தச் சித்தாரை வாசித்தவர் குவால்பெர்த்தோ, செவில்லைச் சேர்ந்த ராக் இசைக்காரர். ஸ்மாஷ் என்ற குழுவில் இருந்தவர். 1960களின் இறுதியில் ஐரோப்பிய இளைஞர்கள் பலருக்கும் வந்த சித்தார் மோகம் செவில்லுக்கும் வந்தது. தயாரிப்பாளர் ரிக்கார்தோ பச்சோன் அந்த இளைஞர்களைக் கமரோனோடு சேர்த்துவைத்தார். ஆயிரம் ஆண்டுப் பழைய ஞாபகம் என்று நான் நினைத்தது பத்து ஆண்டுப் பழைய நாகரிகம்.

அந்தத் தட்டு கமரோனின் சமூகத்தாருக்கே பிடிக்கவில்லை. இது கமரோன் இல்லை என்று கடையில் திருப்பிக் கொடுத்தார்கள் என்ற கதையை ஆண்டலூசியாவில் எல்லோரும் சொல்வார்கள். அவர் இறக்கும் வரை 6,000 பிரதிகூட விற்கவில்லை. இன்று அது இல்லாமல் ஃபிளமெங்கோ வரலாறு எழுத முடியாது.

9 மார்ச்

கஹோன் என்கிற அந்த மரப்பெட்டியை நான் முன்பு ஒரு நண்பரிடம் 'பழங்கால ஹித்தானோ வாத்தியம்' என்று சொல்லியிருந்தேன். அவர் இதைப் படிப்பார் என்பதால் இங்கேயே திருத்துகிறேன். கஹோன் பெரு நாட்டில் ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தவர்களுடைய வாத்தியம். 1977-ல் லிமாவில் ஒரு விருந்தில் காய்த்ரோ சோத்தோ அதை வாசிக்கக் கேட்டுப் பாக்கோ ஊருக்குக் கொண்டுவந்தார். அவருடைய குழுவில் அதை வாசித்தவர் ரூபெம் தாந்தாஸ், பிரேசில் நாட்டவர். ஃபிளமெங்கோவுக்குள் கஹோன் வந்து ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை, அதற்குள் எவ்வளவு இயல்பாகப் பொருந்திவிட்டது! ஒரு கலை எதை எங்கிருந்து எடுத்துக்கொண்டது என்பதைவிட, எடுத்துக்கொண்டதை எப்படித் தன்னுடையதாக்கியது என்று பார்ப்பதே நியாயம் என்று தோன்றத் தொடங்கியிருக்கிறது.

24 மார்ச்

இன்று புனித வாரம் தொடங்குகிறது. செவில்லில் ஊர்வலம் போகும், ஏதாவது ஒரு மாடத்திலிருந்து சயேத்தா பாடுவார்கள், தேவமாதா சிலையைச் சுமப்பவர்கள் அப்படியே நிற்பார்கள். வாத்தியம் ஏதும் இல்லாமல் ஒரே ஒரு குரல். 2017-ல், செவில்லில் எட்டு மாதம் வேலையாக இருந்தபோது, அங்கே திரியானா பகுதியில் நின்று கேட்டது.

அந்தத் திரியானா பழைய ஹித்தானோ குடியிருப்பு. ஆகவே வரலாற்றை இங்கே வைக்கிறேன். 1425-ல் அரகோன் அரசர் ஐந்தாம் அல்ஃபோன்சோ, 'சின்ன எகிப்தின்' ஹுவான் என்பவருக்குப் பயண அனுமதி கொடுத்த ஆவணம்தான் ஸ்பெயினில் இவர்களைப் பற்றிய முதல் தடம். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று எண்ணியதால்தான் ஹித்தானோ என்ற பெயரே வந்தது. பிறகு மூன்று நூற்றாண்டுகளாக மொழிக்குத் தடை, உடைக்குத் தடை, ஊர் ஊராகப் போவதற்குத் தடை. 1749 ஜூலை 30 அன்று ஆறாம் பெர்னாந்தோ ஆட்சியில் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் வளைத்துப் பிடித்தார்கள். 9,000 முதல் 12,000 பேர் வரை என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். ஆண்களைக் கப்பல் தளங்களில் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள், பெண்களையும் குழந்தைகளையும் தனியே அடைத்தார்கள். பலர் வெளியே வருவதற்குள் 1760களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. அந்தக் கப்பல் தளங்களில் ஒன்றான லா கர்ராக்கா இருப்பது காதிஸ் பக்கத்தில் சான் பெர்னாந்தோவில். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1950-ல், அதே ஊரில் ஒரு கொல்லர் வீட்டில் கமரோன் பிறந்தார்.

சிகிரியாவில் சிறையும் தாயும் ஏன் ஓயாமல் வருகிறார்கள் என்பதற்கு இனி தோடியைத் தேட வேண்டுமா?

25 மார்ச்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இந்தியத் தொடர்பே இல்லையா என்று வருத்தப்பட்டவருக்கு ஒரு பரிசு. தொடர்பு மொழியில் இருக்கிறது. ஹித்தானோக்களின் பழைய மொழி காலோ. இன்று ஸ்பானிய இலக்கணத்துக்குள் சிதறிக் கிடக்கும் சில நூறு சொற்களாக மிஞ்சியிருக்கிறது. தண்ணீருக்கு அதில் பஞ்ஞி, இந்தியில் வழங்கும் பானியேதான். துயரத்துக்குத் துகேலா. ரோமானி மொழியின் துக், வடமொழியின் துஃக, நாம் அன்றாடம் சொல்லும் துக்கம். பாட்டுகளில் துகேலாஸ் என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பாடும் முறையை இங்கிருந்து எடுத்துப் போனார்களா என்பதற்குச் சான்று இல்லை. துக்கத்தின் பெயரை எடுத்துப் போயிருக்கிறார்கள்.

7 ஏப்ரல்

'ஹித்தானோக்களின் இசை இல்லை என்கிறீர்களா?' என்ற கோபமான கேள்விக்குப் பதில்.

அப்படிச் சொல்லவில்லை. இதை இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். ரோமா மக்கள் ஐரோப்பா முழுவதும் பரவினார்கள். ஹங்கேரியில் இருக்கிறார்கள், ருமேனியாவில் இருக்கிறார்கள், அங்கெல்லாம் அவர்களிடம் அபாரமான இசை இருக்கிறது, ஃபிளமெங்கோ இல்லை. ஃபிளமெங்கோ பிறந்தது செவில், ஹெரெஸ், காதிஸ் ஊர்களுக்கு நடுவே உள்ள நிலத்தில்தான். ஆகவே அந்த மண்ணின் பங்கு இல்லாமல் அது இல்லை. விரட்டப்பட்ட மூர்களின், அதாவது ஸ்பெயினில் வாழ்ந்த முஸ்லிம்களின், எச்சம், ஆண்டலூசிய நாட்டுப்பாட்டு, கறுப்பின அடிமைகளின் ஆட்டம், கியூபாவுக்குப் போய்த் திரும்பி வந்த மெட்டு, எல்லாம் அதில் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கான்தேயைத் தேநீர்க் கடைகளின் மேடைக்கு ஏற்றிய பாடகர் சில்வேரியோ பிராங்கோனெத்தியின் தந்தை இத்தாலியர். பாடகர் அந்தோனியோ சக்கோன் பாயோ. கிரனாதாவின் என்ரிகே மொரெந்தேயும் பாயோ.

மறுபக்கம்: இதைக் காரணம் காட்டி ஹித்தானோக்களை ஓரம்கட்டுவது பெரிய அநியாயம். ஹித்தானோ பாடகர் அந்தோனியோ மைரேனா தன் வாழ்நாள் முழுவதும் அதை எதிர்த்தே போராடினார். மறந்துபோகவிருந்த பழைய சொலேயாக்களை முதியவர்களிடம் தேடிப் போய்க் கற்று மீட்டுத் தந்தார். 1962-ல் கோர்தோபாவில் அவருக்குக் கிடைத்த தங்கச் சாவி விருது அதற்குரிய மரியாதை. அவர் கொள்கையில் மிகை உண்டு. குரலில் மிகை இல்லை.

8 ஏப்ரல்

நேற்று தேநீர்க் கடை என்று எழுதியது சரியில்லை. கஃபே கான்தாந்தே. மதுவும் காப்பியும் விற்ற, மேடை போட்ட கூடங்கள்.

19 மே

செவில்லில் எட்டு மாதம் வேலையாக இருந்ததை முன்பு தொட்டுவிட்டுப் போனேன். நேரில் கேட்ட அனுபவத்தை எழுதச் சொல்கிறார்கள்.

வீட்டுக்காரம்மாவின் அண்ணன் ஹெரெஸில் சாந்தியாகோ பகுதிக்காரர். எழுபது வயதுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையைப் பார்க்க வருவார். சமையலறை மேசையில் வைத்துத்தான் எனக்குக் கை தட்டக் கற்றுக்கொடுத்தார். இரண்டு விதம் உண்டு. உள்ளங்கைகளைக் குழித்துச் சேர்த்தால் மந்தமான ஒலி, பாடகருக்குக் குறுக்கே நிற்காது. மூன்று விரல்களை மறுகையின் குழியில் விரைப்பாக அடித்தால் கூரிய ஒலி, ஆட்டத்துக்கு உரியது. முதல் மாதம் முழுக்க மந்தமான தட்டு மட்டுமே அனுமதி. எண்ணிக்கை தவறினால் பேசமாட்டார். மேசையில் விரல் முட்டியால் தானே தட்டத் தொடங்குவார், நான் வந்து சேரும் வரை நிறுத்தமாட்டார்.

2017 ஜனவரியில் ஹெரெஸில் ஒரு பென்யாவுக்குக் கூட்டிப்போனார். பென்யா என்பது ரசிகர்கள் நடத்தும் சிறிய சங்கம். நாற்பது நாற்காலி, சுவர் முழுக்கப் பழைய பாடகர்களின் படங்கள், கண்ணாடிக் குவளையில் வெளிர் நிற ஷெர்ரி. புலேரியாவுக்கு எல்லோரும் தட்டினார்கள், நானும் மெல்லத் தட்டினேன். பிறகு பாடகர் கிதார்க்காரரிடம் குனிந்து இரண்டு சொல் சொன்னார். கிதார்க்காரர் கிதாரின் கழுத்தில் மாட்டியிருந்த கட்டையை ஒரு கட்டம் மேலே நகர்த்தினார், ஒரு கம்பியைச் சிறிது முறுக்கினார். என் கை இன்னும் குழிந்தபடியே இருந்தது. பெரியவர் அதன் மேல் தன் கையை வைத்து, 'இதற்கு வேண்டாம் மகளே' என்றார்.

சிகிரியா. பாடகர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, முழங்காலை ஒரு கையால் இறுகப் பற்றியிருந்தார். முதல் 'ஆய்' வந்தபோது அவர் கழுத்து நரம்பு புடைத்ததைத்தான் பார்த்தேன், ஒலி பிறகே காதில் விழுந்தது போலிருந்தது. நான்கு குறுவரிப் பாட்டு. மூன்றாம் வரி முடிந்து ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் யாரோ ஒருவர் மிகத் தாழ்வாக 'ஓலே' என்றார். கச்சேரியில் 'பலே' சொல்வது நமக்குப் பழக்கம்தான். ஆனால் இது பாராட்டு அல்ல, ஆறுதல். துக்க வீட்டில் தோளில் கை வைப்பதுபோல. அதுவும் தாளத்துக்குள் சரியாக விழுந்தது.

16 ஜூன்

1922 ஜூன் மாதம் 13, 14 தேதிகளில் கிரனாதாவின் அல்ஹம்ப்ரா வளாகத்தில் கான்தே ஹோந்தோ போட்டி நடந்தது. ஹோந்தோ என்றால் ஆழமானது. இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவும் இளங்கவிஞர் லோர்காவும் முன்னின்றார்கள். அதையொட்டி ஃபாயா எழுதிய சிறு நூலில் சிகிரியாவை இந்தியப் பாட்டுகளோடு ஒப்பிடுகிறார்: அரை ஸ்வரத்தைவிட நுண்ணிய இடைவெளிகள், ஆறு ஸ்வரங்களைத் தாண்டாத வீச்சு, ஒரே ஸ்வரத்தைச் சுற்றிச் சுற்றி வருவது. என் காதில் விழுந்தது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அதனால் மகிழ்ச்சி. அவர் அதோடு நிற்காமல் பைசாந்தியத் திருச்சபைப் பாடலையும் மூர்களின் இசையையும் சேர்த்தே எண்ணினார் என்பதை நானும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர்கள் தவறிய இடம் ஒன்று உண்டு. தொழில்முறைப் பாடகர்கள் போட்டியிடக் கூடாது என்றார்கள், மேடை கலையைக் கெடுத்துவிட்டது என்ற பயத்தில். பரிசு பெற்றவர்கள் எல் தெனாசாஸ் என்ற முதியவரும் மனோலோ கரக்கோல் என்ற சிறுவனும். அந்தச் சிறுவன் வளர்ந்து பெரிய தொழில்முறைப் பாடகரானார். சோற்றுக்குப் பாடியவர்கள்தான் இந்தக் கலையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

2 ஜூலை

கமரோனின் நினைவு நாள். 1992, நுரையீரல் புற்றுநோய், வயது 41.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பட்டியல் தரமாட்டேன். ஸ்பெயின் தொலைக்காட்சி 1971 முதல் 1973 வரை வீடு வீடாகவும் மதுக்கடை மதுக்கடையாகவும் போய்ப் பாடகர்களைப் படம்பிடித்தது. அதில் ஃபெர்னாந்தா தெ உத்ரேராவைத் தேடுங்கள். கரகரத்த, சிறிய குரல். அந்தக் குரலை வைத்துக்கொண்டு சொலேயாவில் அவர் போகும் தூரத்தைப் பாருங்கள். எண்ணிக்கொண்டே கேளுங்கள். பத்து எங்கே விழுகிறது என்று தெரியும் வரை வேறு எதற்கும் போகாதீர்கள்.

6 ஜூலை

'இரண்டாம் பாட்டின் கடைசி வரியில் பத்து கிடைத்துவிட்டது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று நாளாக முயன்றாராம். எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

நேற்று இரவு மறுபடி அகுஹேதாஸ். தோடி இன்னும் கேட்கிறது, மறைக்க விரும்பவில்லை. என் காது வளர்ந்த இடம் அது. ஆனால் இந்த முறை அந்த இழுப்பு தொடங்கியதுமே என் விரல் முட்டி மேசையில் குறில் குறில் நெடில் என்று தட்டத் தொடங்கியிருந்தது. இரண்டாவது நெடிலில் அவர் மூச்செடுத்தார். நான் கையை எடுத்துவிட்டேன்.